சரிவில் ஓர் உயிர்வேலி

நுழையும்முன்

வேலி என்றதும் பயிரைக் காப்பதே நினைவுக்கு வரும். பயிரைத் தாங்கும் மண்ணைக் காக்கும் வேலியும் உண்டு. மலைச்சரிவு உழவர்கள் அவ்வேலியை நட்டுப் பயன்பெற்ற வரலாற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே அமைந்த பெருந்தீவு மின்டனாவோ. காடு அழிந்த அதன் மலைச்சரிவுகளில் உழவர்கள் மக்காச்சோளம் விதைத்தனர். மேலிருந்து கீழாக உழுத சால்கள் மழைக்காலத்தில் ஓடைகளாயின. மேல்மண் கரையக் கரைய விளைச்சலும் குன்றியது. கல் அடுக்கிப் படிவயல் அமைப்பதோ சிறு உழவரின் கைப்பொருளுக்கு எட்டாத செயல்.

1970களில் அங்குப் பணியாற்றிய அமெரிக்கரான ஹரால்டு வாட்சனும் அவருடைய குழுவினரும் உழவர்களோடு கலந்து மாற்றுவழி கண்டனர். சரிவின் குறுக்கே, நான்கைந்து மீட்டருக்கு ஓரிடத்தில், சவுண்டல் விதைகளை இரட்டை வரிசையாக நெருக்கி ஊன்றினர். இப்பணிக்காக வாட்சன் 1985இல் மகசேசே விருது பெற்றார்.

வரிசை ஒரே மட்டத்தில் செல்வது இன்றியமையாதது. அதனை அறியும் கருவி மிக எளியது. இரு கழிகளை உச்சியில் பிணைத்துக் குறுக்கே ஒரு கழி கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். குறுக்குக்கழியின் நடுக்குறியில் கயிறு படிந்தால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்பது பொருள். எழுத்தறியாதவரும் இதனைக் கையாளலாம்.

வேலி மண்ணைத் தடுத்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியும் பயன். அதனினும் பெரியது மண்ணுக்குள் நிகழ்கிறது. வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி மண்கட்டிகளைச் சிதைக்கிறது. சிதைந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உட்புகாமல் ஓடுகிறது. வேலியைக் கழித்த தழையைப் பயிர்களுக்கிடையே பரப்பினால் துளியின் வேகம் தழையிலேயே அடங்கும். மட்கிய தழை மண்புழுவுக்கு உணவாகிறது. துகள்களைப் பிணைத்து மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. இறந்த வேர்கள் விட்டுச்சென்ற வழிகளில் நீர் ஆழ இறங்குகிறது. சவுண்டல் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால் தழைச்சத்தும் கூடுகிறது.

ஆயினும் இம்முறை இடர்ப்பாடின்றி வளர்ந்ததன்று. 1980களின் நடுவில் இலைச்சாற்றை உறிஞ்சும் சிறுபூச்சி சவுண்டலைத் தாக்கியது. ஒரே மரத்தை நம்பிய வேலிகள் மொட்டையாயின. அதன்பின் கிளைரிசிடியா முதலியவற்றைக் கலந்து நட்டனர். மற்றொரு குறை, சரிந்த மண் வேலியின் மேற்புறத்தில் திரள்வது. அவ்விடம் கொழிக்க, மேல்வேலியை அடுத்த பகுதியோ மெலிந்தது. அங்குத் தழையைக் கூடுதலாக இட நேர்ந்தது.

எல்லாவற்றினும் பெரிய தடை உழைப்பு. ஆண்டில் பலமுறை கவாத்துச் செய்யக் குடும்பத்தில் ஆள் போதவில்லை. அத்தீவின் கிளவேரியா பகுதி உழவர்கள் இதற்குத் தாமே விடை கண்டனர். மட்டக்கோட்டில் அரை மீட்டர் அகலத்தை உழாமல் விட்டனர். தானே முளைத்த புல் வேலியாயிற்று. பின்னாளில் சிலர் அப்புல்வரிசையிலேயே பழமரங்களையும் நட்டனர்.