குளியலறை ஹீட்டர்: எது கோளாறு, எது காவல்?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் இருக்கும் ஹீட்டரை இந்த வாரம் சற்று உற்றுப் பாருங்கள். குளிர்நாடுகளில் வீடு முழுவதற்கும் வெப்பம் தரும் பாய்லரின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அதில் கோளாறு வந்தால் சிலர் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். வேறு சிலர் எதையாவது அடைத்தோ கழற்றியோ தாங்களே சரிசெய்யப் பார்ப்பார்கள். இதுதான் கூடுதல் ஆபத்து. நாம் கோளாறு என்று நினைக்கும் சில அறிகுறிகள், நம் உயிரைக் காக்கும் பாகங்கள் தம் வேலையைச் செய்வதால் தோன்றுபவை.

முதலில் தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர். பெரும்பாலும் அதன் திறன் 3.6 கிலோவாட். அதாவது வினாடிக்கு 3,600 ஜூல், நிமிடத்திற்கு 2,16,000 ஜூல் வெப்பம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் தேவை. இதுவே தன்வெப்பக் கொள்ளளவு. குழாயில் நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடினால் வெப்பநிலை சுமார் 13 டிகிரி உயரும். 28 டிகிரியில் வரும் நீர் 41 டிகிரி ஆகும்; குளிக்க இதமாக இருக்கும். அதே நீர் நிமிடத்திற்கு 2 லிட்டராகக் குறைந்தால் உயர்வு 26 டிகிரியை நெருங்கும். 54 டிகிரி நீர் தோலைச் சுட்டுவிடும்.

ஆகவே ‘ஹீட்டர் திடீரென்று கொதிக்கிறது’ என்றால் ஹீட்டரைக் குறை சொல்வதற்கு முன் நீரோட்டத்தைப் பாருங்கள். பூவாளியின் துளைகளில் துருத்தூள் அடைத்திருக்கலாம். அதைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினாலே பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும். நீரோட்டம் இன்னும் குறைந்தால் நேர்மாறாக ஒன்று நடக்கும். போதிய நீர் ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு விசை மின்சாரத்தையே கொடுக்காது. குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும். சுடுவதற்கும் சுடாமல் போவதற்கும் காரணம் ஒன்றே! கேமரன் மலையில் இதே ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டுமே தருவதும் கோளாறல்ல. அங்கே குழாய் நீர் தொடக்கத்திலேயே குளிர்ந்திருக்கிறது. நீர் நன்றாக ஓடி, விளக்கும் எரிந்து, சூடு மட்டும் வராவிட்டால் வெப்பக் கம்பி போயிருக்கலாம். அது மின்பணியாளரின் வேலை.

அடுத்தது, ஹீட்டரைப் போட்டவுடன் மின்பெட்டியில் ‘டப்’ என்று ஒரு விசை விழுவது. பலரும் இ.எல்.சி.பி. என்று பழைய பெயரால் அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் அது. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சமமில்லை என்றால் மின்சாரம் வேறு வழியில் கசிகிறது. அந்த வழி ஈரமான ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியைக் கேட்கின்றன.

இந்த எண்ணைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கிறது. 10 மில்லியாம்பியர் அதில் 1,500இல் ஒரு பங்கு. சாதாரண ஃபியூஸுக்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆனால் சில பத்து மில்லியாம்பியர் மார்பு வழியாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துவிடக்கூடும்.

கசிவு எப்படி வருகிறது? வெப்பக் கம்பி ஓர் உலோகக் குழலுக்குள் இருக்கிறது. சுற்றிலும் மின்கடத்தாத மெக்னீசியம் ஆக்சைடு தூள். குழல் அரித்து ஈரம் புகுந்தால் அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். எனவே விழுந்த விசையை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுக் குளிக்கக்கூடாது. ‘தொல்லை தருகிறது’ என்று அந்தக் கருவியைத் தவிர்த்து நேராகக் கம்பி இணைத்த வீடுகளும் உண்டு. அதை அறியாமை என்பதைவிட விபரீதம் என்றே சொல்வேன். அந்தக் கருவியில் ‘டி’ எழுத்து பொறித்த பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அப்பாவையோ அம்மாவையோ அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விசை விழாவிட்டால் காவல்காரன் தூங்குகிறான் என்று பொருள்.

தொட்டி உள்ள ஹீட்டரில் இன்னொரு காவல் உண்டு. அடியில் ஒரு சிறு வால்வு சொட்டுச் சொட்டாக ஒழுகும். 30 லிட்டர் நீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 1.3 விழுக்காடு விரிவடையும். அதாவது 400 மில்லிலிட்டர். ஒருவழி வால்வு அதைக் குழாய்க்குத் திரும்ப விடாது. அழுத்தம் மிகும்போது, கூடுதல் நீர் இந்த வால்வின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடாகும்போது சொட்டி, ஆறியதும் நின்றால் எல்லாம் சரி. ஆறிய பிறகும் நிற்காமல் ஒழுகினால் வால்வு தேய்ந்திருக்கலாம்.

அந்தத் துளையை மட்டும் யாரும் அடைக்கக்கூடாது. வெப்பநிலைச் சீராக்கியும் பழுதாகிவிட்டால், அடைபட்ட தொட்டியில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். தொட்டி பிளந்த நொடியில் அதன் ஒரு பகுதி நீராவியாகும். 1 லிட்டர் நீர் நீராவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும்! வால்விலிருந்து ஆவி சீறினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

சுடுநீர் மட்டும் பழுப்பாக வந்தால் தொட்டிக்குள் துரு இருக்கலாம். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் தண்டு தீர்ந்திருக்கும்.

குழாயைத் தொடும்போது ‘சுரீர்’ என்றால் உடனே கையை எடுத்து வெளியே வந்து, உலர்ந்த கையால் மின்பெட்டியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஹீட்டரின் மூடியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை, உங்களுடையதல்ல. அவரை அழைக்கும்போது மூன்று விவரங்களைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்: நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, விளக்கு எரிகிறதா, விசை விழுவது ஹீட்டரைப் போட்டால் மட்டுமா அல்லது எப்போதுமா.