டேங்க்கின் அடியில் தங்கும் தண்ணீர்

கேள்வி: காசிமேட்டில் என் மைத்துனரின் பழைய விசைப்படகு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் திணறித் திணறி நின்றுவிடுகிறது. ஃபில்டர் மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஏனாத்தூர்

பதில்: டேங்க்கைத் திறந்து பாருங்கள். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் பாதி காலியாகக் கிடந்தால் ஈரக்காற்று உள்ளே வியர்த்து, தண்ணீராகி அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருப்பாக வழவழவென்று படியும். படகு ஆடும்போது அது கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. அடி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி வையுங்கள். தண்ணீர் கீழே பிரிந்து நிற்கும். டேங்க்கை முழுக்க வடித்துச் சுத்தம் செய்த பிறகே புது ஃபில்டர் போட்டு ஏர் எடுக்க வேண்டும். மூடி வாஷரும் முக்கியம். மழைத்தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கும். இதெல்லாம் முடியும்வரை தயவுசெய்து ஆழ்கடலுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த தடைக்காலத்துக்கு முன் டேங்க்கை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.