நிலைமம் யாரையும் தள்ளாது

திருமுடிவாக்கம்

அன்புள்ள தம்பி,

நேற்று உன் அறிவியல் நோட்டில் ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஏன் சார் என்று கேட்டாய். அதற்குள் கரண்ட் போய்விட்டது, உன் அம்மாவும் கூப்பிட்டுவிட்டார்கள். பாதிப் பதிலோடு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதியிருந்தது இது: “பஸ் திடீரென்று நின்றதால் நிலைமத்தின் விசை என்னை முன்னால் தள்ளியது.” உன்மேல் கோபம் இல்லை. இதே வரியை எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் பார்த்துவிட்டேன். ஒரு கைடு அச்சடிக்க, அதைப் பார்த்து இன்னொன்று அச்சடிக்க, தவறு விதியாகிவிடுகிறது. அந்தக் கைடுகளின் மேல்தான் கோபம்.

விசை என்று எழுதினால் அதைக் கொடுத்தது எது என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். கையா, கயிறா, தரையா, பூமியா? குன்றத்தூர் பஸ்ஸில் நீ முன்னால் சாய்ந்தபோது உன் முதுகில் யார் கை வைத்தார்கள்? யாருமில்லை. அப்படியானால் முன்னோக்கிய விசையும் இல்லை. நிலைமம் என்பது உன் உடம்பின் குணம், போய்க்கொண்டிருந்தபடியே போவது. குணம் தள்ளாது.

கணக்குப் போட்டுப் பார். பஸ் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது, அதாவது நொடிக்கு 10 மீட்டர். டிரைவர் 2 நொடியில் நிறுத்துகிறார். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது. நீ 50 கிலோ. பஸ்ஸோடு சேர்ந்து நீயும் நிற்க வேண்டுமானால் உன்மேல் 250 நியூட்டன் விசை வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பிடிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அந்த விசையின் திசையைக் கவனி: பின்னோக்கி! உன் செருப்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வும், நீ பிடித்திருந்தால் கம்பியும் சேர்ந்து அதைக் கொடுத்திருக்கும். கால் நின்றது. கம்பியைப் பிடிக்காததால் மேல் உடம்பை நிறுத்த ஆளில்லை. அது பழைய வேகத்திலேயே போனது. நீ சாய்ந்தது தள்ளப்பட்டதால் அல்ல, தடுக்கப்படாததால்.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, திருவாரூர் ஆழித்தேர். ஒரு பங்குனி உத்திரத் திருவிழாவில் வீதி முனையில் நின்று பார்த்தேன். 96 அடி உயரம், சுமார் 300 டன். எல்லாரும் வடத்தைப் பார்ப்பார்கள், கோபுரம் போல நிற்கும் அலங்காரத்தைப் பார்ப்பார்கள். நீ போனால் சக்கரத்தடியில் பார். அங்கே குனிந்தபடியே சிலர் கூட வருவார்கள், கையில் முட்டுக்கட்டை. கண் சக்கரத்தை விட்டு அசையாது. தேர் வீதியின் நடுவை விட்டு விலகினாலும், திருப்பத்துக்கு வந்தாலும், கட்டையைச் சக்கரத்தின் முன்னால் செருகிவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். மரம் நறநறவென்று அரைபடும். சக்கரம் கட்டைமேல் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த நொடியில் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். தொங்கிய துணித் தொம்பைகள் அத்தனையும் ஒன்றாக முன்னால் வீசி ஆடின. பஸ்ஸில் நீ சாய்ந்தாயே, அதேதான். தொம்பையை யார் தள்ளினார்கள்?

என் நெடுநாளைய எண்ணம் ஒன்று. முட்டுக்கட்டை என்ற சொல்லே முதல் இயக்க விதிதான். இழுப்பதை நிறுத்தினால் பொருள் தானாக நின்றுவிடும் என்பது உண்மையானால், நம் ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை எதற்கு? வடத்தைக் கீழே போட்டால் போதுமே! தேர் செய்த ஆசாரிக்கும் கட்டை போட்டவருக்கும் தெரியும், இழுத்தவர்கள் விட்ட பிறகும் அது வரும் என்று. நியூட்டன் 1687இல் விதியாக எழுதியதை இவர்கள் விதியாக எழுதவில்லை; அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மேடையில் முழங்குவோருடன் நான் சேரமாட்டேன். ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தச் சொல்லை ‘தடங்கல்’ என்ற பொருளில் மட்டும் வீசுகிறோம், நல்ல காரியத்துக்கு ஒருவன் முட்டுக்கட்டை போட்டான் என்று. கட்டை போடுபவன் இல்லாவிட்டால் தேர் கடைவீதிக்குள் புகுந்திருக்கும்.

ஆழித்தேர் ஆமை வேகத்தில்தானே நகர்கிறது என்பாய். நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள். 300 டன்னால் பெருக்கு; அதுதான் உந்தம். பிறகு 15 டன் பஸ் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் என்ன உந்தம் என்று பார். இரண்டும் ஒன்றே. இப்போது அந்தத் தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. அப்படியும் முட்டுக்கட்டை போகவில்லை.

தேர் என்றதும் பக்கத்து ஊர்க்காரர் ஞாபகம் வருகிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார்தான். பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பு என்று ஒரு பகுதி, அதே திருவாரூரைப் பற்றி. மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போகிறான், துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்படுகிறது. நீதியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்தச் சக்கரத்தில்தான் மனம் போய் நிற்கும். இளவரசன் பார்த்திருந்தாலும், கடிவாளத்தை இழுத்திருந்தாலும், தேர் அந்த இடத்திலேயே நின்றிருக்குமா? வேகம் பூஜ்யமாக நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் சக்கரம் சில முழமாவது உருண்டிருக்கும். இங்கே நம் 400 அடி ரோட்டில் லாரிக்கு முன்னால் ஓடிக் கடக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கன்று ஞாபகம்தான். டிரைவர் பார்த்துவிட்டார் என்பதால் லாரி நின்றுவிடாது, தம்பி. தயவுசெய்து அப்படிக் கடக்காதே.

சைக்கிள் மிதிப்பதை விட்டால் நிற்கிறதே என்று நீ கேட்பாய். அரிஸ்டாட்டிலும் அங்கேதான் ஏமாந்தார், உலகில் பலரும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கூடவே ஏமாந்தார்கள். அது தானாக நிற்கவில்லை. டயரும் காற்றும் பேரிங்கும் சேர்ந்து நிறுத்துகின்றன. சரிவில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோவுக்கு, இந்த உராய்வை மனதிலேயே கழித்துவிட்டுப் பார்க்கத் துணிச்சல் வந்தது.

நம்ப முடியவில்லை என்றால் உன் அப்பாவோடு சிட்கோ தொழிற்பேட்டையில் அவர் பட்டறைக்குப் போ. லேத்தை அணைக்கச் சொல். சுவிட்சை அணைத்த பிறகும், இரும்பைப் பிடித்துச் சுழலும் சக் சுற்றிக்கொண்டே இருக்கும். கையால் பிடித்து நிறுத்தாதே என்று முதல் நாளே உன் அப்பாவை எச்சரித்திருப்பார்கள். மோட்டார் ஓடும்போது அதன் வேலை வேகத்தைக் காப்பதல்ல. உராய்வும் உளியும் தின்பதை ஈடுகட்டுவது. சுவிட்சை அணைத்த நொடியிலிருந்து சக் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி எழுதிக்கொள். எண்ண முடியாத வேகமாக இருந்தால் நேரத்தையாவது குறி. தள்ளி நின்று பார்.

ஞாயிற்றுக்கிழமை வா. அந்தச் சிவப்புக் கோடு போட்ட வரியை அடித்துவிட்டு, பஸ்ஸில் நிற்கும் உன் படத்தைப் போட்டு, உன்மேல் விசை எந்தப் பக்கம் என்று ஒரே ஓர் அம்புக்குறி வரைந்து கொண்டுவா. பஸ் கிளம்பும்போது பின்னால் சாய்கிறாயே, அதற்கும் ஒரு படம் வேண்டும்.

அன்புடன்,
உன் சார்