இரவில் குளிர்சாதனத்தை அணைப்பவர்களுக்கு

அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஒன்றைக் கடலோர ஊரில் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்க நேர்ந்தவர்கள், அதன் விளக்கப் புஸ்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால், தங்கள் ஸ்தாபனத்தில் மின்சாரக் கட்டணத்தைத் தணிக்கை செய்பவர் யார் என்பதை விசாரித்து அறிந்துகொள்வது நலம். தூத்துக்குடியில் நான் தலைமை வகித்த பரிசோதனைச்சாலையில் கருவியைக் கெடுத்தது கடற்காற்றே என்று இன்றளவும் சிலர் சொல்லிவருகிறார்கள். கெடுத்தது, மாலையில் எல்லோரும் புறப்பட்டபின் குளிர்சாதனத்தையும் கருவியையும் ஒருசேர அணைத்துவிட வேண்டும் என்று கணக்கதிகாரி பிறப்பித்த சுற்றறிக்கை.

எஃப்.டி.ஐ.ஆர். என்று நாம் வழங்கும் இந்த யந்திரத்தின் ஹிருதயம், மைக்கல்சன் 1880-களில் கையாண்ட முறைப்படியே, ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் ஒன்றுசேர்க்கும் ஒரு தகடாகும். சாதாரணக் கண்ணாடி இவ்வொளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுமாதலால், அத்தகட்டைப் பொட்டாசியம் புரோமைடால் செய்து, மேலே ஜெர்மானியத்தை மெல்லிதாகப் பூசுகிறார்கள். அலையெண் 4000 முதல் 400 வரை நமக்குக் கிட்டுவது அதனால்தான். ஆனால் பொட்டாசியம் புரோமைடு சமையலறை உப்புக்கு நெருங்கிய உறவு. ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடிக்கு நேர்வதே அதற்கும் நேரும். கருவி ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால், ஒளிமூலமும் மின்சுற்றுகளும் தரும் உஷ்ணமே உள்ளறையை உலர்வாக வைத்திருக்கும். அணைத்துவிட்டாலோ, குளிர்ந்திருக்கும் அவ்வுறுப்புகளைத் தேடி இரவின் ஈரக்காற்று வந்து சேரும். இதையெல்லாம் நான் எழுத்து மூலமாகவே தெரிவித்தேன். விளக்கை அணைத்தால் விளக்குக் கெடுமா என்ற கேள்விதான் பதிலாக வந்தது.

காலைதோறும் பாலிஸ்டைரீன் படலத்தை வைத்துப் பார்க்கையில் 1601-ஆம் சிகரம் அசையாமல் தன் ஸ்தானத்திலேயே நின்றதைக் கண்டு நிர்வாகம் பரம திருப்தி அடைந்தது. சிகரத்தின் ஸ்தானத்தை நிர்ணயிப்பது உள்ளிருக்கும் லேசர். தகடு மங்குவதை அது காட்டிக்கொடுக்காது. கவனிக்க வேண்டியது, மாதிரி ஏதும் வைக்காதபோது வந்துசேரும் ஒளியின் பலம். எங்கள் பதிவேட்டில் அது படிப்படியாக இறங்கியது. அதிலும் 4000 பக்கமே முதலில் தேய்ந்தது, ஏனெனில் மங்கிய பரப்பு குறுகிய அலைகளையே அதிகமாகச் சிதறடிக்கும். அந்தப் பதிவேட்டை நான் பூட்டி வைத்திருந்தபடியால்தான், பழி ஓர் இளம் உதவியாளர் தலையில் விழாமல் தப்பியது. புதிய தகட்டின் விலை, மிச்சம் பிடித்த மின்கட்டணத்தைப் பல மடங்கு விழுங்கிற்று என்பதைக் கணக்கதிகாரியின் பிரிவே பின்னர் கூட்டிப் பார்த்துக்கொண்டது.

மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு அகேட் கல்வத்தில் அரைப்பது, வில்லையாக அழுத்துவது முதலியவற்றை எந்தப் பாடநூலும் சொல்லும். வைர முனையுள்ள ஏ.டி.ஆர். இணைப்பு வந்தபின் வில்லையே வேண்டியதில்லை, ஆகவே ஈரத்தைப் பற்றிக் கவலையும் இல்லை என்று கருதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வைரம் வெளியே இருக்கிறது, உப்புத் தகடு உள்ளே இருக்கிறது. சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பானால் அன்றே மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் துத்தநாக செலினைடுத் தகட்டையே கேட்கலாம். 500-க்குக் கீழுள்ள பகுதி பெரும்பாலும் போய்விடும். ரெசினும் பிளாஸ்டிக்கும் பார்க்கும் நமக்கு அங்கே அதிக வேலையில்லை, உலோக ஆக்ஸைடுக்காரர்கள் வேண்டுமானால் வருந்தட்டும். இடைவிடாத மின்சாரத்துக்கும் ஈரமுறிஞ்சும் யந்திரத்துக்கும் உரிய தொகையைக் கருவியின் கொள்முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் அது கணக்கதிகாரியின் மேஜைக்குத்தான் போகும்.