அறுவை முடிந்த பின்னும் வயிறு ஏன் மூடப்படவில்லை?

பழைய மகாபலிபுரம் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விபத்தில் சிக்கியவர் நள்ளிரவில் அறுவை அரங்குக்குள் கொண்டு செல்லப்படுகிறார். வாயிலில் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து, "இரத்தப்போக்கை நிறுத்திவிட்டோம். வயிற்றை இன்னும் மூடவில்லை. நாளையோ மறுநாளோ மீண்டும் அறுவை செய்ய வேண்டும்" என்கிறார். கேட்பவர்களுக்கு நிலம் நழுவுகிறது. பாதியிலே நிறுத்திவிட்டார்களா, கைவிட்டுவிட்டார்களா என்று தாயார் அழுகிறார். இரண்டாவது அறுவை பணத்துக்காகவோ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரலும் எழும். இக்கேள்விகளை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்பவர் மீது வருத்தம் கொண்டதில்லை. அந்த நேரத்தில் விரித்துரைக்க எவருக்கும் அவகாசம் இருப்பதில்லை. ஆகவே இங்கே விளக்க முற்படுகிறோம்.

விபத்துக்காய மற்றும் தீவிர சிகிச்சை அறுவை மருத்துவர் என்னும் பெயரே நம்மில் பலருக்குப் புதியது. எலும்புக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர் என்று உறுப்புவாரியாக மருத்துவரை அறிந்து பழகியவர்கள் நாம். விபத்தோ உறுப்பு பார்த்து வருவதில்லை. ஒரே உடலில் தொடை எலும்பு முறிந்து, மண்ணீரல் கிழிந்து, நுரையீரல் நசுங்கியிருக்கும்போது, எதை முதலில் தொடுவது, எதை இப்போது தொடாமல் விடுவது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். பயின்று, அதன்பின் இத்துறைக்கென மேலும் பயிற்சி பெற்றவர் அவர். டெல்லி எய்ம்ஸின் விபத்துக்காய மையம் போன்ற இடங்களில் இதற்கென்றே எம்.சி.எச். பட்டப்படிப்பும் உண்டு. அறுவை அரங்கில் கத்தியைப் பிடித்தவரே, பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் கருவியையும் இரத்த அளவுகளையும் கவனிக்கக் கற்றவர் என்பது இப்பயிற்சியின் சிறப்பு.

இத்துறையின் அடிப்படைப் பாடம் ஒரு தந்தையின் துயரத்திலிருந்து பிறந்தது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர், தம் குடும்பத்துடன் சிறு விமானத்தில் சென்றபோது, அது நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் விழுந்தது. மனைவி இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவர் படுகாயமுற்றனர். அவர்கள் கொண்டு சேர்க்கப்பட்ட சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை அவரைத் திகைக்க வைத்தது. அங்கிருந்தவர்களுக்கு மனமில்லாமல் இல்லை, ஒழுங்குமுறைதான் இல்லை. 1978இல் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் அதே வரிசைதான்: முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அடுத்து இரத்த ஓட்டம், பின்னர் நினைவு நிலை, இறுதியாக உடல் முழுவதையும் திறந்து பார்த்துவிட்டுப் போர்த்துதல். கால் முறிந்து வளைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும்போது, "காலைப் பார்க்காமல் தொண்டையைப் பார்க்கிறார்களே" என்று உறவினர் பதறுவதுண்டு. கால் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது.

இனி, மூடாத வயிற்றின் கதைக்கு வருவோம். மிகுதியாக இரத்தம் இழந்த உடலில் மூன்று கேடுகள் ஒன்றையொன்று வளர்க்கின்றன. உடல் குளிர்கிறது. போதிய உயிர்வளி பெறாத திசுக்களால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. இவ்விரண்டாலும் இரத்தம் உறையும் ஆற்றல் குன்றுகிறது. உறையாத இரத்தம் மேலும் ஒழுகுகிறது. ஒழுக ஒழுக உடல் மேலும் குளிர்கிறது. சித்திரை வெயிலிலும் காயமுற்றவரை வெப்பக் காற்றுப் போர்வையால் மூடி, ஏற்றும் இரத்தத்தையும் சூடாக்குவது இதனால்தான். இந்நிலையில் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கிழிந்த குடலை நான்கு மணி நேரம் அழகாகத் தைத்து முடித்தால், தையல் நிற்கும்; நோயாளி நிற்க மாட்டார்.

கோவளத்து மீனவரிடம் கேட்டால் இதை நம்மைவிட எளிதாகச் சொல்வார். நடுக்கடலில் படகில் ஓட்டை விழுந்தால் அங்கேயே பலகை மாற்றுவதில்லை. கிடைத்ததை வைத்து அடைத்துக் கரை சேர்ப்பார்கள். மருத்துவர்கள் இம்முறைக்கு வைத்த பெயரும் கடற்படையிடமிருந்து வாங்கியதே. இரத்தம் கசியும் இடத்தில் பருத்தித் துணிமடிப்புகளை வைத்து அழுத்துவார்கள். கிழிந்த குடலின் முனைகளைக் கட்டிவிடுவார்கள். வயிற்றைத் தற்காலிக உறையால் மூடித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். 1993இல் பிலடெல்பியாவில் ரொட்டாண்டோ, ஸ்வாப் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், பெரிய இரத்தக்குழாயுடன் பல உள்ளுறுப்புகளும் காயமுற்ற 22 பேரின் கணக்கு உண்டு. ஒரே அமர்வில் அனைத்தையும் முடித்த 9 பேரில் ஒருவரே பிழைத்தார். பாதியில் நிறுத்தி மீண்டும் சென்ற 13 பேரில் 10 பேர் பிழைத்தனர். எண்ணிக்கை சிறிது என்பது உண்மை. ஆயினும் அதன்பின் அறுவை அரங்குகளின் வழக்கமே மாறியது.

இரண்டாவது அறுவை பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நடைபெறும். உடல் சூடேறி, அமிலம் தணிந்து, இரத்தம் உறையத் தொடங்கிவிட்டதா என்பதே அதன் நேரத்தைத் தீர்மானிக்கிறது. எனவே "எப்போது மறுபடி?" என்று கேட்பதைவிட, "உடம்பு சூடாகிவிட்டதா, இரத்தம் உறைகிறதா?" என்று கேளுங்கள். அதற்கான விடை ஒவ்வொரு பரிசோதனைக்குப் பின்னும் கிடைக்கும்.

அந்நேரத்தில் குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி தகவல் தருவது. விபத்து நடந்த மணியைச் செவிலியர் திரும்பத் திரும்பக் கேட்பார், சலிப்படைய வேண்டாம். 2010இல் வெளியான, 20,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற உலகளாவிய ஆய்வு, டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்து காயத்துக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்றும், அதன்பின் கொடுத்தால் தீங்காகக்கூடும் என்றும் காட்டியது. இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்குப் பின்னோ இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். அட்டை வீட்டில் இருந்தால் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

செலவு குறித்தும் ஒரு சொல். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் பயன்பெறலாம். சேர்க்கையின்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். சாலையில் கிடந்தவரைத் தூக்கி வந்த வழிப்போக்கருக்கும் அஞ்ச வேண்டிய தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

சில வேளைகளில் குடல் வீங்கியிருப்பதால் இரண்டாவது முறையும் வயிற்றுத் தசையை மூட இயலாது போகும். அப்போது தோலை மட்டும் மூடி, பல மாதங்கள் கழித்துக் குடலிறக்க அறுவையாக மீதியைச் செய்வதுண்டு. மண்ணீரல் அகற்றப்பட்டிருந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும். வீடு திரும்பும் நாளில் அவற்றின் தேதிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் காய்ச்சல் கண்டால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் மண்ணீரல் இல்லை என்பதையே முதலில் சொல்லுங்கள்.