சூரிய மின்சக்தியும் உலக வாணிபமும்

சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்காத பொருளாதாரத்தை அமைக்க முற்படும் நாடு, அதற்கு வேண்டிய சாதனங்கள் அனைத்தையும் தானே செய்துகொள்ள வேண்டுமா, அன்றி மலிவாகக் கிடைக்கும் இடத்திலிருந்து தருவித்துக்கொள்ளலாமா? வளரும் நாடுகள் யாவும் எதிர்கொள்ளும் இவ்வினாவிற்கு, இந்தியாவின் சூரிய மின்சக்தித் துறை ஏற்றதொரு பாடமாக அமைந்துள்ளது.

ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தி இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 2022-க்குள் 20,000 மெகாவாட் உற்பத்தித் திறனை எய்துவது அதன் இலக்கு. 2015-இல் இது 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. இயக்கத்தின் முதல் ஏலத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை சுமார் 12 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவிற்கான ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுகளாகவும், 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 காசுகளாகவும் இறங்கியது.

சூரிய மின்நிலையத்திற்கு எரிபொருட் செலவு இல்லை. ஏறத்தாழ முழுச் செலவும் தொடக்கத்திலேயே செய்யப்படுவதால், தகட்டின் விலையும் கடனுக்கான வட்டியுமே மின்கட்டணத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. சீனாவின் பேரளவு உற்பத்தியால் தகட்டின் விலை சரிந்தது; அந்தச் சரிவின் பயனை இந்தியாவிற்குக் கொணர்ந்தது வாணிபமே. இறக்குமதியைக் கண்டவுடன் அந்நியச் செலாவணி விரயம் என்று முடிவு கட்டுவோர் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். தருவித்த எண்ணெய் எரிந்ததும் தீர்ந்துவிடுகிறது. தருவித்த தகடோ சுமார் 25 ஆண்டுகள் மின்சாரம் தருகிறது.

ஜெனீவாவில் ஒரு வழக்கு

எனினும் உள்நாட்டுத் தொழிலைக் கைவிட அரசு விரும்பவில்லை. இயக்கத்தின் முதற்கட்டத்தில், படிக சிலிக்கான் வகைத் தகடுகள் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும் என்றும், அடுத்த தொகுதியில் மின்கலங்களும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. மென்படல வகைக்கு இவ்விதி பொருந்தவில்லை. விளைவு எதிர்பாராதது: அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் குறைந்த வட்டிக் கடனோடு வந்த மென்படலத் தகடுகளை நிறுவனத்தார் பலர் நாடினர். காக்கப்பட வேண்டிய தொழில் காக்கப்படவில்லை.

ஆயினும் அமெரிக்காவே 2013 பிப்ரவரியில் இவ்விதியை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. அரசு தன் தேவைக்கு வாங்கும் பொருள்களுக்கு விதிவிலக்கு உண்டு என இந்தியா வாதாடியது. அரசு வாங்குவது மின்சாரத்தையே, மின்கலத்தை அன்று. ஆதலால் விதிவிலக்கு பொருந்தாது என்று 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது. இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் எட்டில் உள்ளூர்ப் பொருள்களுக்கு அளிக்கப்பட்ட சலுகைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் விசாரணைக் குழு இந்தியாவின் பக்கம் தீர்ப்புக் கூறியது. இரு வழக்குகளும் 2023 ஜூனில் இரு நாடுகளின் உடன்பாட்டால் முடித்துக்கொள்ளப்பட்டன.

மாணவர்கள் கவனிக்கத்தக்கது, தீர்ப்பு தடுத்தது எது, தடுக்காதது எது என்பதே. அரசு நிறுவனங்கள் தம் சொந்தத் தேவைக்கு மின்நிலையம் அமைத்து, உள்நாட்டு மின்கலங்களையும் தகடுகளையும் தாமே வாங்குவதற்குத் தடையில்லை. 2019-இல் 12,000 மெகாவாட் அளவிற்கு இத்தகைய திட்டமொன்று ஏற்கப்பட்டது.

சுங்க வரியின் சுமை

இதற்கிடையே அரசு சுங்க வரியை நாடியது. 2018 ஜூலையில் 25 சதவீதப் பாதுகாப்பு வரியும், 2022 ஏப்ரல் முதல் தகடுகளுக்கு 40 சதவீதமும் மின்கலங்களுக்கு 25 சதவீதமுமாக அடிப்படைச் சுங்க வரியும் விதிக்கப்பட்டன. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டமும் உடன் வந்தது. வரியினால் தகட்டுத் தொழிற்சாலைகள் பெருகின என்பது உண்மை. ஆனால் வரியின் சுமை யார் மீது விழுகிறது என்பதை மறத்தலாகாது. மின்நிலையத்தார் அதனைக் கட்டணத்தில் சேர்ப்பர்; பகிர்மானக் கழகங்கள் அதனை ஏற்பதில் தயங்குவர்; முடிவில் நுகர்வோர் செலுத்துவர். 1,00,000 மெகாவாட் என்ற எல்லை 2022-இல் அன்றி 2025 ஜனவரியிலேயே எட்டப்பட்டது. தாமதத்திற்கு நிலம், மின்தடம் ஆகியவையும் காரணமாயினும், வரியின் பங்கை ஒதுக்கிவிட இயலாது.

தகடு செய்தல் என்பது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. பாலிசிலிகான், அதனை வார்த்த கட்டி, கட்டியை அறுத்த மெல்லிய வில்லை, மின்கலம் ஆகியவற்றிற்குப் பின்னரே தகடு. இந்நிலைகள் ஒவ்வொன்றிலும் உலக உற்பத்தித் திறனில் 80 சதவீதத்திற்கு மேல் சீனாவிடம் இருப்பதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-இல் கணித்தது. மின்கலத்தைத் தருவித்து இங்கே தகடாகப் பொருத்துவதால் வேலைவாய்ப்பு உண்டாகும், சார்பு நீங்கிவிடாது. ஆகவே வரிக் கொள்கையின் வெற்றியைத் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையைக் கொண்டன்றி, சங்கிலியில் எத்தனை கண்ணி பின்னோக்கிச் சென்றோம் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

2022-க்குப் பின் இந்தியத் தகடுகளின் ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. அதன் மிகப் பெரும்பகுதி அமெரிக்கா என்னும் ஒரே சந்தைக்குச் சென்றது. சீனப் பொருள்களுக்கு அந்நாடு இட்ட தடைகளே அதற்கு வாய்ப்பளித்தன. பிறர் இட்ட தடையால் கிடைத்த சந்தை, அவர்தம் வரிப்பட்டியல் மாறும்போது சுருங்கவும் கூடும்.