வகுப்புக்கு ஒரு நாவல் தேர்ந்தெடுக்க...

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. 'பற' நிலையையும் தாண்டிவிட்ட பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுப்பது? ஐந்திலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் ஒரு முழு நாவலுக்குத் தயாரானவர்கள். அந்த முதல் நாவலை ஆசிரியர் சரியாகத் தேர்ந்துவிட்டால் இரண்டாவதை அவர்களே தேடிக்கொள்வார்கள். தவறாகத் தேர்ந்தால் நாவல் என்பதும் இன்னொரு பாடப்புத்தகம்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

முதலில் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் பிள்ளைகளின் பேச்சைக் கவனியுங்கள். மதிய உணவு நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வராமல் விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பேய், நாய்க்குட்டி, வீட்டில் அண்ணனுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை என்று ஏதேதோ வரும். நாவலின் கரு இந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, ஐந்தாறு நாவல்களைத் திரட்டுங்கள். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல்களிலிருந்து தொடங்கலாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) மூன்றும் நாவல்கள். சாகசம் கேட்கும் வகுப்புக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' இருக்கிறது. நாய்க்குட்டிப் பிரியர்கள் அதிகம் என்றால் பெ. தூரனின் 'சூரப்புலி'யைத் தேடிப் பாருங்கள். பழைய நூல்களில் நடை சற்று மாறியிருக்கும் என்பதால் முன்கூட்டியே வாசித்துப் பார்ப்பது நல்லது. விருது நல்ல அடையாளம்தான். ஆனால் விருது கொடுப்பவர்கள் பெரியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கங்கள் குறைவாக இருந்தால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். 'குட்டி இளவரசன்' மெல்லிய புத்தகம்தான். ஆனால் அதன் சோகமும் மறைபொருளும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபடாது. எட்டாம் வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து படித்தால் சுகமாக இருக்கும்.

திரட்டிய ஒவ்வொன்றையும் நீங்கள் முழுவதும் படித்தாக வேண்டும். பின்னட்டையை நம்பித் தேர்வு செய்யவே கூடாது. படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, கதையில் வரும் சிக்கலை யார் தீர்க்கிறார்கள் என்பதைத்தான். தமிழில் சிறுவர் நாவல்கள் பல நன்றாகவே தொடங்கி, கடைசி அத்தியாயத்தில் ஒரு தாத்தாவோ தலைமை ஆசிரியரோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்து, கூடவே ஒரு பிரசங்கமும் செய்துவிட்டுப் போவதோடு முடிகின்றன. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரிந்துவிடும். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பான். கதைக்குள் இருக்கும் பிள்ளைகளே யோசித்து, தடுமாறி, வழி கண்டுபிடிக்கும் நாவலை எடுங்கள். கூடவே, கதை யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது என்றும் கவனியுங்கள். கறுப்பு நிறத்தையும் குண்டு உடம்பையும் திக்குவாயையும் கேலிப்பொருளாக்கும் பக்கங்கள் பழைய நூல்களில் மட்டுமல்ல, புதியவற்றிலும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு நூல்கள் மிஞ்சியதும் உரக்கப் படித்துப் பாருங்கள். முதலில் வீட்டில், தனியாக. ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு முட்டுகிறதா? உரையாடலை வாய்விட்டுச் சொல்லும்போது யாரும் அப்படிப் பேசமாட்டார்களே என்று தோன்றுகிறதா? பிறகு வகுப்பில் முதல் மூன்று பக்கங்களைப் படியுங்கள். முன்வரிசையைப் பார்க்காதீர்கள், அவர்கள் எதையும் கேட்பார்கள். கடைசி பெஞ்சில் பென்சில் சீவிக்கொண்டிருப்பவனைப் பாருங்கள். சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறானா? புத்தகத்தை மூடும்போது, "அப்புறம் என்ன ஆச்சு மிஸ்?" என்று ஒரு குரலாவது வருகிறதா? வந்தால் அதுதான் உங்கள் நாவல்.

பிள்ளைகள் தாங்களே படிக்க வேண்டிய நூல் என்றால் ஐந்து விரல் சோதனை உதவும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்த நூல் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கடினம். இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் செய்யுங்கள். எல்லோர் முன்னிலும் விரல் மடக்குவது அவமானம்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். உரக்கப் படிக்க ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். நூற்றிருபது பக்க நாவலுக்கு நான்கு மணி நேரம். வாரம் ஒரு நூலகப் பாடவேளையை மட்டும் நம்பினால் இரண்டு மாதம் இழுக்கும், இடையில் கதை மறந்துபோகும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு வழியே இல்லையென்றால் தனித்தனி அத்தியாயமாக நிற்கும் நூலை எடுங்கள். 'டோட்டோ-சான்' நாவல் அல்ல, நினைவுக் குறிப்பு. ஆனால் வாரம் ஒருமுறை படிப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ரயில் பெட்டி வகுப்பறைகளைப் பற்றிப் படித்த அன்று பிள்ளைகளை அடக்குவது கஷ்டம்.

கனமான பொருளைப் பேசும் நாவலுக்குத் தனி முன்தயாரிப்பு வேண்டும். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. அவசியம் படிக்க வேண்டிய நூல். ஆனால் அதைப் படித்த மறுநாள் ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து நிற்கலாம். பதறாமல், குறுக்குக் கேள்வி கேட்காமல் காதுகொடுங்கள். போக்சோ சட்டம் (2012), தெரியவந்ததைக் காவல்துறையிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். பெற்றோரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாடத்தோடு இணைப்பதில் தவறில்லை, அளவோடு. 'ஆதனின் பொம்மை'யை முடித்த கையோடு கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக முடிந்தால் அருமை. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆனால் நாவலிலிருந்து கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லாதீர்கள். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது' என்று கேட்கவே கேட்காதீர்கள்.

நாலைந்து நாள் படித்தும் வகுப்பு ஒட்டவில்லையா, தயங்காமல் நிறுத்திவிட்டு அடுத்ததை எடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பெனாக் 1992இல் வெளியிட்ட வாசகரின் உரிமைகள் பட்டியலில், புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையும் உண்டு.

முடித்த நாவலை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டிவிடாதீர்கள். கைக்கு எட்டும் அலமாரியில் இரண்டு மூன்று பிரதிகளாவது இருக்கட்டும். கேட்ட கதையையே தானாக மறுபடி படிக்கப் பல பிள்ளைகள் எடுத்துப் போவார்கள். தட்டித் தடுமாறிப் படிப்பவர்களுக்கு அதுவே பெரிய பயிற்சி. பக்கம் கிழிந்து வந்தால் ஒட்டிவிட்டு மறுபடி அலமாரியிலேயே வையுங்கள்.